பதினாறில் ஒன்று

கோகினூரைக் கொடு, அமராவதிச் சிற்பங்களைக் கொடு, கோயிலிலிருந்து திருட்டுப்போன நடராஜரைக் கொடு என்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களைப் பார்த்து ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிற தேசம் நம்முடையது. கேட்க வேண்டியதுதான். ஆனால் கொள்ளைப்பொருள் ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே கிடந்து, அதை உரியவரிடம் நாமே கொண்டுபோய்க் கொடுத்த கதையும் ஒன்று உண்டு. அதைப் பற்றி இங்கே பேச்சே கிடையாது. ராணுவத்தை வைத்தே பிழைத்து வளர்ந்த எங்கள் செகந்திராபாத் திருமுல்கேரியில்கூட, டீக்கடையில் உட்காரும் ஓய்வுபெற்ற சுபேதார்களைக் கேட்டால் புருவத்தை உயர்த்துவார்கள்.

அந்தப் பொருள் ஒரு மணி. பெய்ஜிங்கின் வானக் கோயிலைச் சேர்ந்தது. 1901இல் அங்கிருந்து கிளம்பி இந்தியாவுக்கு வந்தது, 1995இல் அதே கோயிலுக்குத் திரும்பியது. இடைப்பட்ட தொண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகள் அது ஒரு ராணுவ மெஸ்ஸின் அலங்காரச் சாமான்.

மணி என்றதும் நம் கோயில் மணி மனசில் வந்துவிடும். இதற்கு நாக்கு கிடையாது. தானாக ஆடாது, கயிறு கட்டி இழுக்கவும் முடியாது. வெண்கலத்தில் வார்த்து மேலே தங்க முலாம் பூசிய உருளை. நடுவில் கொஞ்சம் பருத்து, மேலும் கீழும் ஒடுங்கியிருக்கும். உயரம் ஒரு சாணுக்கு மேல். உச்சியில் தொங்கவிடுவதற்கான வளையம், டிராகன் வடிவில். உடம்பெல்லாம் மேகக் கூட்டம், அதற்குள் நெளிகிற டிராகன்கள். விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் காசு மாதிரி வட்டமாகப் புடைத்த இடங்கள் இருக்கும்; சுத்தியால் தட்ட வேண்டியது அங்கேதான். இப்படிப்பட்ட மணிகளைச் செய்வித்தவர் சிங் வம்சத்துக் கங்சி பேரரசர். சங்கீதத்தில் உண்மையான ஆர்வம் கொண்ட மனிதர். போர்த்துகீசிய யேசு சபைப் பாதிரியார் தோமஸ் பெரெய்ராவிடம் ஐரோப்பிய இசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். தன் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில் அரண்மனைச் சுருதியையே புதிதாகக் கணக்கிட வைத்து, அதன்படி 1715இல் மணித் தொகுதிகளை வார்க்கச் சொன்னார். அந்தத் தொகுதிகளில் ஒரு பக்கம் சுரத்தின் பெயரும் மறுபக்கம் வார்த்த ஆண்டும் எழுத்தாக இருக்கும்.

தொகுதி என்பதுதான் இதில் முக்கியம். ஒரு மணியால் ஒன்றும் ஆகாது. பதினாறு மணிகள் சேர்ந்தால்தான் வாத்தியம். அரக்கு பூசிய மரச் சட்டத்தில் மேல் வரிசையில் எட்டு, கீழ் வரிசையில் எட்டு. பன்னிரண்டு சுரங்களுக்குப் பன்னிரண்டு, கீழ் ஸ்தாயிக்கு நாலு. வெளியிலிருந்து பார்த்தால் பதினாறும் ஒரே அளவு, ஒரே அச்சு. வித்தியாசமெல்லாம் உள்ளே. சுவர் தடிக்கத் தடிக்க சுருதி ஏறும், மெலிந்தால் இறங்கும். ஆகவே தூக்கிப் பார்த்தால்தான் எது கனம், எது லேசு என்று புரியும். ஜலதரங்கக் கச்சேரியில் ஒரு கிண்ணத்தை எடுத்துவிட்டு வாசிக்கச் சொன்னால் வித்வான் என்ன முகம் காட்டுவாரோ, பதினாறில் ஒன்று போன தொகுதியின் நிலைமையும் அதுதான். ராகத்தின் நடுவே ஒரு பள்ளம்.

இந்த வாத்தியம் ஒலித்த சந்தர்ப்பங்களும் கொஞ்சம்தான். ஆண்டின் மிகப் பெரிய சடங்கு, குளிர்காலத்தில் இரவு மிக நீண்டிருக்கும் நாளில், விடிவதற்கு முன்னால். அரசர் மூன்று நாள் விரதம் இருந்து, மதில்களைத் தாண்டி வானக் கோயிலுக்கு வருவார். வட்ட வடிவப் பளிங்கு மேடையில் கூரையில்லாமல் வானத்துக்கு நேரடியாகப் படையல். பாடலின் ஒவ்வோர் எழுத்துக்கும் மணியில் ஒரு தட்டு. அது முடிகையில் கல்லால் ஆன வாத்தியத்தில் ஒரு தட்டு. அவ்வளவு மெதுவான சங்கீதம். வாசிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவே கோயில் வளாகத்துக்குள் தனியாக ஓர் இசைச்சாலை இருந்தது. ஊர் ஜனம் இதைக் கேட்டதே இல்லை. 1420இல் யொங்லெ பேரரசர் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலுக்குள் சாமானியர் கால்வைக்க அனுமதி இல்லை.

அனுமதி இல்லாத இடத்துக்குள் ஆளில்லாத நேரத்தில் புகுந்து மணியை அடித்துக்கொண்டு போனவர்கள் யார் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பெய்ஜிங் மதிலுக்குள் மதிலாக அமைந்த நகரம். நடுவில் அரண்மனை, அதைச் சுற்றி அரசு நகரம், அதைச் சுற்றி ஏறக்குறைய 24 கிலோமீட்டர் நீளத்துக்கு உள்நகரின் பெருமதில், தெற்கே 1553இல் சேர்த்த வெளிநகரின் மதில். வானக் கோயில் அந்த வெளிநகருக்குள் வந்துவிட்டது. உள்மதிலின் மேல் குதிரைகள் வரிசையாகப் போகலாம், அவ்வளவு அகலம். அதை ஒட்டி உள்பக்கம்தான் வெளிநாட்டுத் தூதரகங்கள் இருந்தன.

1900 ஜூன் 20ஆம் தேதி அந்தத் தூதரகப் பகுதியை முற்றுகையிட்டார்கள். அந்நியரையும் கிறிஸ்தவப் பாதிரிகளையும் விரட்டக் கிளம்பிய யீஹெத்துவான் கிளர்ச்சிக்காரர்களும் — ஆங்கிலேயர் இவர்களை 'பாக்ஸர்' என்றார்கள் — அரசப் படைகளும் சேர்ந்து நடத்திய முற்றுகை. ஐம்பத்தைந்து நாள். மீட்க எட்டு நாட்டுப் படை போயிற்று என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும். அந்த எட்டில் பிரிட்டன் என்று எழுதியிருக்கிற இடத்தில் இந்தியா என்று படித்தாலும் பெரிய தப்பில்லை. தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரிட்டனுக்குச் சீனாவுக்கு அனுப்ப வெள்ளைப் பட்டாளம் மிச்சமில்லை. ஜெனரல் ஆல்பிரட் கேஸ்லியின் கீழ் போனவர்களில் பெரும்பாலோர் ராஜபுத்திரர், சீக்கியர், பஞ்சாபி, பட்டாணியர். கூடவே மதராஸ் பயோனியர்கள், மதராஸ் சாப்பர்கள்.

மதராஸ் சாப்பர் என்றால் நம்ம ஆள். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இருக்கிற அந்தப் படைக்கு ராணுவ வட்டாரத்தில் செல்லப்பெயரே 'தம்பி'. பாலம் கட்டு, பள்ளம் வெட்டு, சுவரை உடை — இதுதான் தம்பிகளின் தொழில். சீனா அவர்களுக்குப் புதிதும் இல்லை. முதல் அபினிப் போருக்கு 1840இல் போனார்கள். இரண்டாவது அபினிப் போரில் 1860இல் பெய்ஜிங் வரைக்கும் போய், 'தாக்கு கோட்டைகள்', 'பீக்கிங்' என்று இரண்டு பெயர்களைக் கொடியில் போட்டுக்கொண்டார்கள். அபினி விற்கிறவனுக்காக அபினி வாங்க மறுத்தவன் மதிலை உடைத்த கௌரவம் அது. இன்றைக்கும் அந்தப் பெயர்களை நாம் அழிக்கவில்லை. அழிக்கவும் முடியாது, சரித்திரம்தானே.

திருமுல்கேரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 1806இல் சிக்கந்தர் ஜா நிஜாமின் பெயரில் செகந்திராபாத் பாளையம் எழுந்ததிலிருந்து இங்கே இருந்தது மதராஸ் ராணுவம். இங்கே, பெங்களூர், பரங்கிமலை, பர்மா என்று படைகள் மாறி மாறிச் சுற்றும். பின்னாலேயே சமையல்காரர், சலவைக்காரர், கான்ட்ராக்டர், கணக்கெழுதுகிற முதலியார் என்று தமிழர்களும் வந்தார்கள். லால் பஜார் பக்கம் இன்னமும் தமிழ் காதில் விழுவதற்குக் காரணம் அந்தப் பட்டாளம்தான். 1857 ஜூலை 17இல் துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் ஹைதராபாத் ரெசிடென்ஸியைத் தாக்கிய பிறகு ஆங்கிலேயருக்குத் தூக்கம் போயிற்று. அகழி வெட்டி, கல் மதில் எழுப்பி, கொத்தளம் வைத்து, ஆபத்து வந்தால் வெள்ளைக்காரர்கள் உள்ளே புகுந்துகொள்ள ஒரு கோட்டைப் பாளையத்தைத் திருமுல்கேரியில் கட்டினார்கள். பக்கத்தில் ஒரு ராணுவச் சிறை. விலாயத்து அரண்மனை மாதிரிக் கொத்தளக் கோபுரங்களோடு இருந்ததால் சிப்பாய்கள் அதை 'வின்ஸர் காசில்' என்று கிண்டல் பண்ணினார்கள். அதே வகைப் பயம், அதே வகை மதில், கொஞ்ச வருஷம் கழித்துப் பெய்ஜிங் தூதரகப் பகுதியையும் சுற்றி எழுந்தது. சீனர்களின் மதிலை உடைத்துப் போனவர்கள், 1901 உடன்படிக்கைக்குப் பிறகு அங்கேயே தங்களுக்கென்று ஒரு மதிலைக் கட்டிக்கொண்டு, சீனர் உள்ளே குடியிருக்கக் கூடாது என்றார்கள்.

மீட்புப்படை 1900 ஆகஸ்ட் 4ஆம் தேதி தியான்ஜினிலிருந்து கிளம்பிற்று. அதற்கு முன்பே தியான்ஜினின் மதில் விழுந்துவிட்டது. அடுத்த ஆண்டு அந்நிய நிர்வாகம் அதை ஒட்டுமொத்தமாகவே இடித்துத் தள்ளியது. சோளக்கொல்லைகளுக்கு நடுவே தகிக்கிற வெயிலில் பத்து நாள் நடை. ஆகஸ்ட் 14ஆம் தேதி பெய்ஜிங். எந்த வாசலை எந்த நாட்டுப்படை உடைப்பது என்று திட்டம் போட்டிருந்தார்கள். ரஷ்யர்களும் ஜப்பானியர்களும் வாசல்களில் ரத்தம் சிந்திக்கொண்டிருக்கையில், பிரிட்டிஷ் பிரிவு அதிகம் காவலில்லாத தென்கிழக்கு வாசலில் நுழைந்து, உள்மதிலின் அடியில் ஊர்க் கழிவு ஓடுகிற மதகு வழியாகச் சேற்றில் புகுந்து தூதரகத்துக்குள் எழுந்தது. முதலில் தலை காட்டியவர்களில் 7ஆம் ராஜபுத்திரப் படையினர் உண்டு. உலகப் பத்திரிகைகள் கொண்டாடிய அந்த மீட்பின் முதல் காட்சி, சாக்கடைச் சேறு அப்பிய தலைப்பாகைகள்தான்.

அந்த ராஜபுத்திரப் படையில் கதாதர் சிங் என்ற ஒருவர் இருந்தார். ஊர் திரும்பியதும் சீனாவில் கழித்த பதின்மூன்று மாதங்களைப் பற்றி இந்தியில் ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். எரிந்த கிராமங்களையும் ஆற்றில் மிதந்த பிணங்களையும் கண்ட ஒரு சிப்பாய், எதிரி என்று காட்டப்பட்டவனை நினைத்து இரங்கி எழுதிய புத்தகம். 2017இல் ஆனந்த் யாங் உள்ளிட்டோரின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் இன்னும் வரவில்லை என்பது நமக்கு அழகில்லை. அந்தப் போருக்குப் போன தம்பிகளில் ஒருவர்கூட இப்படி எழுதி வைக்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. மண்வெட்டி பிடித்த கை பேனா பிடிக்கவில்லை.

மீட்பு முடிந்த மறுநாளிலிருந்து சூறை. இதில் எந்த நாடும் சோடை போகவில்லை. அடுத்தவன்தான் அதிகம் அடித்தான் என்று எல்லா நாட்டுக்காரரும் எழுதியிருக்கிறார்கள். பிரிட்டிஷார் செய்தது கொஞ்சம் நாசூக்கு. சிப்பாய் கொண்டுவருகிற பொருளையெல்லாம் ஓரிடத்தில் குவித்து, தூதரக வளாகத்தில் ஏலம் விட்டு, வந்த பணத்தைப் பதவிக்குத் தகுந்த பங்காகப் பிரித்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு ஒரு பங்கு, கறுப்புச் சிப்பாய்க்கு அதைவிடக் குறைந்த பங்கு. கொள்ளைக்கும் ரசீது போட்டால் அது நிர்வாகம் ஆகிவிடுகிறது. ஸ்ரீரங்கப்பட்டினத்தில் 1799இல் திப்புவின் அரண்மனையைப் பங்குபோட்ட அதே முறைதான் இது.

வானக் கோயில் பிரிட்டிஷ் படையின் பாளையமாயிற்று. அரசர் விரதம் இருந்து நுழைந்த இடத்தில் கூடாரங்கள், குதிரைகள், பீரங்கிகள். வெளிநகரின் தென்மதிலில் யொங்திங் வாசலுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டு, தியான்ஜின் ரயில் பாதையைக் கோயில் வாசல் வரைக்கும் இழுத்து வந்துவிட்டார்கள். படையும் தளவாடமும் வருவதற்குப் போட்ட பாதையில் போனதெல்லாம் என்னவென்று ஊகிக்கக் கஷ்டமில்லை. பூசைப் பாத்திரம், அரக்குப் பெட்டி, பட்டுத் திரை, வாத்தியம். இப்படித்தான் 1901இல் ஒரு பிரிட்டிஷ் மேஜரின் கைக்குப் போய், மணி பெய்ஜிங்கை விட்டு வெளியேறியது. அவர் சங்கீதம் தெரிந்து எடுத்திருக்க மாட்டார். தெரிந்திருந்தால் ஒன்றை மட்டும் எடுக்கத் தோன்றியிருக்குமா? தங்கம் பளபளத்திருக்கும், ஒரு கைக்கு அடங்கியிருக்கும்.

அரண்மனைத் தங்க மணிகள் தப்பித்த கதை வேறு மாதிரி. கங்சியின் பேரன் சியான்லொங், தன் எண்பதாம் பிறந்த நாளுக்கு 1790இல் முழுத் தங்கத்திலேயே பதினாறு மணி செய்துகொண்டார். அந்தப் பதினாறும் 1924இல் அரச குடும்பத்தின் பணமுடைக்கு வங்கியில் அடகுக்குப் போய், ஜப்பானியர் ஆண்டபோது தியான்ஜினில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் ஒளிந்திருந்து, 1949இல் வெளியே வந்தன. சொந்த ஊர்க்காரன் அடகு வைத்தால் முழுசாகத் திரும்புகிறது. முலாம் பூசின நம் மணிக்கு அந்த யோகம் இல்லை.

இந்தியாவில் அது போய் உட்கார்ந்த இடம் அலிப்பூர் ராணுவ அதிகாரிகள் மெஸ்.

மெஸ் என்பதை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சாப்பாட்டுக் கூடம் என்று நினைப்பார்கள். அது ஒரு படையின் பூசை அறை. திருமுல்கேரியில் இன்றைக்கும் மின்னணு, இயந்திரப் பொறியியல் கல்லூரி, தளவாடப் படை மையம் என்று வளாகம் வளாகமாக ராணுவம் இருக்கிறது. எல்லாவற்றிலும் மெஸ் உண்டு. எந்த ஊர் மெஸ்ஸானாலும் உள்ளே இருக்கிற ஏற்பாடு ஒன்றுதான். வாசலில் பழைய பீரங்கி இரண்டு, சுண்ணாம்பு அடித்த கற்களுக்கு நடுவில். உள்ளே பழைய தளபதிகளின் எண்ணெய் ஓவியங்கள், வாய் பிளந்த புலித்தலை, கண்ணாடி அலமாரியில் வெள்ளிச் சாமான். யாரோ மாற்றலாகிப் போகையில் கொடுத்த கோப்பை, ஏதோ போரிலிருந்து வந்த வாள், எந்த நாட்டுக் கோயிலுடையதோ தெரியாத ஒரு சிலை. வாரம் ஒரு நாள் மெஸ் பணியாளர் ப்ராஸோ டப்பாவும் மல் துணியுமாக உட்கார்ந்து பித்தளை, வெண்கலம் எல்லாவற்றையும் முகம் தெரிகிற மாதிரி தேய்ப்பார். பொறித்த எழுத்தின் விளிம்புகள் வருஷக் கணக்கில் இப்படித்தான் மழுங்குகின்றன. ஆண்டுக்கொரு முறை கணக்குப் பார்க்கிற குழு வந்து பதிவேட்டையும் பொருளையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும். பதிவேட்டில் எண்ணிக்கை இருக்கும், நிலைமை இருக்கும். எங்கே, யாரிடமிருந்து வந்தது என்ற கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும், அல்லது ஒரு போரின் பெயர் இருக்கும்.

1947 ஆகஸ்டில் ஆங்கிலேயர் போனார்கள், மெஸ் இருந்தது. நாற்காலி, மேசை, வெள்ளி, குடிக்கிற முறை, கோப்பையைத் தூக்குகிற முறை எல்லாம் அப்படியே கைமாறின. மணியும் கைமாறியது. கொள்ளையடித்தவன் வீட்டைச் சாமான்களோடு வாரிசாகப் பெற்றவன் அந்தச் சாமானுக்கு எந்த அளவுக்குப் பொறுப்பாளி? லண்டன் அருங்காட்சியகத்தாரைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்கையில் நாம் யோசிப்பதே இல்லை; 'எங்கள் தாத்தா எடுத்தது, எங்களுக்கென்ன' என்று அவர்கள் சொன்னால் சிரிப்போம். 1962க்குப் பிறகு இந்தச் சங்கடம் இன்னும் கூடிப்போனது. இமயத்தில் சீனாவிடம் அடி வாங்கிய ராணுவம் ஒரு சீன மணியைத் திருப்பித் தரலாம் என்று எந்த மெஸ் கூட்டத்தில் பேச முடியும்?

உறவு இளகத் தொடங்கியது 1988இல் ராஜீவ் காந்தி பெய்ஜிங் போன பிறகு. 1993 செப்டம்பரில் பிரதமர் நரசிம்மராவ் — எங்கள் தெலங்கானாக்காரர், பதினைந்துக்கு மேல் பாஷை தெரிந்தும் பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வதில் நிபுணர் — பெய்ஜிங் போய் எல்லைக்கோட்டில் அமைதி காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார். தகராறைத் தீர்க்க முடியாவிட்டாலும் துப்பாக்கி சுடாமல் இருப்போம் என்கிற ஒப்பந்தம். அடுத்த ஆண்டு, 1994இல், தரைப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் சந்திர ஜோஷி சீனா போனார். குமாவோன் மலைக்காரர், டாங்கிப் படையிலிருந்து வந்தவர். போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. அலிப்பூர் மணியை எடுத்துப்போனார்.

ராஜதந்திரப் பரிசுகளுக்கு ஒரு வழக்கமான பட்டியல் உண்டு: சந்தன யானை, காஷ்மீர் சால்வை, வெள்ளியில் தாஜ்மகால். அதற்கெல்லாம் நடுவில் இது தனி. இதைப் பரிசு என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்கள் பொருளை அவர்களுக்கே கொடுப்பதற்குப் பரிசு என்றா பெயர்? ஆனால் மெஸ் சொத்தை விட்டுக்கொடுப்பது ஒரு படைக்காரனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று பாளையத்துக்காரர்களுக்குத் தெரியும். ஒரு வெள்ளிக் கரண்டி காணாமல் போனாலே விசாரணைக் குழு போடுகிற உலகம் அது. மேலிடத்து உத்தரவில்லாமல் நடக்கக்கூடிய காரியமும் இல்லை. இருந்தும் அதைப் பற்றி டெல்லியில் பெரிய அறிக்கையோ, பாராளுமன்றத்தில் பேச்சோ, தபால்தலையோ எதுவும் எழவில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டாமல் இருந்தது பெருந்தன்மையா, அல்லது எடுத்ததை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே என்ற கூச்சமா? என் கணிப்பு, இரண்டாவது. இந்த மணியைப் பற்றி உரக்கப் பேசினால், அதைத் தூக்கிவந்த படையில் இருந்தவர்கள் யார் என்ற கேள்வியும் உரக்க எழும். கொள்ளையடிக்கப்பட்டவர்கள் என்ற ஒரே வேஷத்தில் நம்மைப் பார்த்துப் பழகிவிட்டோம். துப்பாக்கி பிடித்தவர்களாகவும் பார்ப்பது இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை.

இதே 1900இல் போன வேறு பொருள்கள் திரும்பிய விதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெய்ஜிங் மதில்மேல் இருந்த வானாய்வுக் கூடத்தின் வெண்கலக் கருவிகளை ஜெர்மானியர்கள் கப்பலேற்றி, போட்ஸ்டாம் அரண்மனைத் தோட்டத்தில் நிறுத்தி வைத்தார்கள். அவை திரும்பக் காரணம், ஜெர்மனி முதல் உலகப்போரில் தோற்றது; 1919 வெர்சாய் உடன்படிக்கையின் 131ஆவது பிரிவில் அந்தக் கருவிகளைக் கொடுத்தாக வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். தோற்றவன் கொடுத்தான். வென்ற நாடுகளிடம் யாரும் எதையும் எழுதி வாங்கவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால், எந்தப் போரும் எந்தப் பிரிவும் கட்டாயப்படுத்தாமல் அலிப்பூரிலிருந்து கிளம்பிய மணிக்கு ஒரு தனி இடம் உண்டு.

ஜெனரல் ஜோஷி பணியில் இருக்கும்போதே, 1994 நவம்பர் 19இல் மாரடைப்பில் காலமானார். மணி முறைப்படி வானக் கோயிலிடம் போய்ச் சேர்ந்தது 1995இல்.

அது திரும்பிப்போன ஊரில் மதில் இல்லை. 1950இல் கட்டடக் கலைஞர் லியாங் சிசெங், மதிலை இடிக்காதீர்கள், மேலே மரம் நட்டு ஊரைச் சுற்றிப் பூங்காவாக்கலாம் என்று வரைபடம் போட்டுக் கெஞ்சினார். யாரும் கேட்கவில்லை. யொங்திங் வாசலை 1957இல் இடித்தார்கள். 1960களில் பாதாள ரயிலுக்குப் பள்ளம் வெட்டுகையில் மிச்ச மதிலும் போயிற்று. எட்டு நாட்டுப் பீரங்கி ஓட்டை போட்டதோடு விட்டதைச் சொந்த அரசாங்கம் முழுசாக முடித்து வைத்தது. பழைய வடசீன மதில் நகரம் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் நாலு மணி நேரம் ஷான்ஷி மாகாணத்துப் பிங்யாவுக்குப் போகிறார்கள். 1370இல் எழுந்த ஆறு கிலோமீட்டர் மதில் அங்கே முழுசாக நிற்கிறது. சீனாவின் முதல் உண்டியல் வங்கிகள் நடந்த பணக்கார ஊர் நொடித்துப்போனதால், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆளுக்குக் காசில்லை, மதில் பிழைத்தது.

பெய்ஜிங்கில் மிஞ்சியது தென்கிழக்கு மூலையில் ஒன்றரைக் கிலோமீட்டர் துண்டும் ஒரு காவற்கோபுரமும். மணியைத் தேடி வானக் கோயிலுக்குப் போகிற நம்மூர்க்காரர்கள் அந்தக் கோபுரத்தையும் ஒரு நடை பார்த்துவிட வேண்டும். உள்ளே செங்கல்லில் 1900இல் வந்த அந்நியச் சிப்பாய்கள் தங்கள் பெயரையும் ஊரையும் கீறி வைத்திருக்கிறார்கள், நம்மூர்க் கோட்டைகளில் காதலர்கள் கீறுவதுபோலவே. சீனர்கள் அதை அழிக்காமல் கண்ணாடி போட்டுப் பாதுகாக்கிறார்கள். வானக் கோயிலில் கூட்டம் எல்லாம் நீலக் கூரை போட்ட அறுவடை மண்டபத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருக்கும். 1889இல் இடி விழுந்து எரிந்து, 1896இல் திரும்பக் கட்டியது அது. ஓய்வுபெற்றவர்கள் நீண்ட தாழ்வாரத்தில் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். மேற்குப் பக்கத்து இசைச்சாலைக்கு வருகிறவர்கள் குறைவு. பல காலம் வேறு வேலைகளுக்குப் பயன்பட்டுச் சிதைந்து கிடந்த அந்த வளாகத்தைச் சீராக்கி, இப்போது பழைய வாத்தியங்களை வைத்திருக்கிறார்கள், சடங்கு இசையையும் வாசித்துக் காட்டுகிறார்கள். சட்டத்தில் பதினாறு மணி இருக்கும். வாசிப்பதற்கென்று புதிதாக வார்த்தவை.

மணி திரும்பிய மறு ஆண்டு, 1996இல், பெய்ஜிங் நகராட்சி ஊர் மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது. மதிலை இடித்தபோது ஆளாளுக்கு அள்ளிக்கொண்டுபோன பழைய செங்கற்களைத் திருப்பிக் கொடுங்கள், மிஞ்சிய துண்டைச் சரிபண்ண வேண்டும் என்று. கோழிக்கூண்டிலிருந்தும் சமையலறைச் சுவரிலிருந்தும் பெயர்த்தெடுத்து, மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்கள்.